நாரத்தைக் குச்சி

"நல்ல கத்தின்னா எது அம்மா?" என்று வையாபுரி கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

அப்போது அவர் மனைவி காலமாகி ஒரு மாதம்தான். அவள் நட்ட நாரத்தை மரமும் நோயில் விழுந்திருந்தது. பச்சை இருக்கும்போதே ஒரு குச்சியை வெட்டி எலுமிச்சங்கன்றில் ஒட்டுக் கட்டினால் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னவர், மலை மடத்து அன்னை நீலாயதாட்சி. வயதில் வையாபுரிக்கு மகள் போல. ஆனாலும் குரு குருதான்.

"திறந்தா ஆடக் கூடாது. மடிச்சா கையில அடங்கணும். அவ்வளவுதான் ஐயா."

மூன்று ஊர்க் கடைகளில் ஏறி இறங்கி அப்படியொரு மடக்குக் கத்தி வாங்கினார்.

பிறகு அதுவே அவருக்குத் தவமாகிவிட்டது. தினமும் கல்லில் தீட்டினார். மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மெல்லிய துணியில் சுற்றிக் குழந்தையைப் போலப் படுக்க வைத்தார். கீறல் விழுந்துவிடுமே என்று ஒரு பழத்தைக்கூட அதனால் நறுக்கவில்லை.

மரம் கிளை கிளையாகக் காய்ந்தது.

இன்று காலை அவர் மலையேறி வந்தபோது ஈரத்துணியில் ஒரே ஒரு பச்சைக் குச்சி இருந்தது. அதுதான் கடைசி.

மேகம் தரைவரை இறங்கியிருந்தது. மடம் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. அன்னையின் குரல் மட்டும் வந்தது.

"கத்தி கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்தேம்மா. நீங்களே வெட்டிக் குடுத்துருங்க."

"உங்க வீட்டு மரம். நீங்க வெட்டுங்க. ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவணும். பக்கத்துக்கு ஒரே இழுப்பு. தயங்கினா பிசிறு அடிக்கும், அப்புறம் ஒட்டாது."

கத்தியைத் திறந்தார். மறுபடி மடித்துவிட்டார்.

"முடியலம்மா. இதுவும் போச்சுன்னா அவ முழுசாப் போயிருவா."

அன்னை கத்தியை வாங்கிக்கொண்டு மேகத்துக்குள் போய்விட்டார்.

உள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டது. எருச் சாக்கு கிழிந்தது. இஞ்சி நறுக்கப்பட்டது. மண்வெட்டியில் ஒட்டிய சேறு சுரண்டப்பட்டது. எல்லாம் தன் கத்தியால்தான் என்று தெரிந்து, வையாபுரி அதைச் சுற்றியிருந்த வெறுந்துணியை இறுக்கிப் பிடித்தார்.

அன்னை திரும்பி வந்து, தொட்டியில் இருந்த எலுமிச்சங்கன்றை அவர் முன் வைத்துவிட்டுக் கத்தியை நீட்டினார்.

"கீறல் விழுந்திருச்சேம்மா."

"ஆமா. துடைங்க."

துடைத்தார். கல்லில் நாலு இழுப்பு இழுத்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். கீறலும் இருந்தது, கூரும் இருந்தது.



பிறகு குச்சியை எடுத்தார். ஓர் இழுப்பு. திருப்பி இன்னொன்று. கன்றின் தலையைக் கொய்து, நடுவில் பிளந்து, குச்சியைச் செருகி, நாரால் இறுகக் கட்டினார்.

"பிடிக்குமா அம்மா?"

"துளிர் விட்டாத்தான் தெரியும்."

வையாபுரி கன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"அவ இருந்தா, 'இந்த ரெண்டு இழுப்புக்கா ரெண்டு வருசம்?'னு கேட்டிருப்பா."

அன்னை கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அதான் கேட்டுட்டாங்களே. பதில் சொல்லிட்டு வாங்க ஐயா. நான் போய்க் கஞ்சி ஊத்தி வைக்கிறேன்."