தட்டுக்கு அடியில்

எப்போது நடந்தது என்று கேட்டால், எலக்ட்ரானிக் தராசு வராத காலம். அது போதும். பொன்னுரங்கம் மளிகைக் கடையில் நூறு கிராம் எடைக்கல் ஒருத்தி வேலை பார்த்தாள். எல்லோரும் அவளை நூறு என்றே கூப்பிட்டார்கள்.

ஒருநாள் டீச்சரம்மா ஒருத்தி பருப்புப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, எடை குறைகிறதென்று கத்தினாள். பொன்னுரங்கம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"கல்லு தேஞ்சுபோச்சும்மா. வெள்ளிக்கிழமை காயலான் கடைக்காரன் வருவான், போட்டுடறேன்."

நூறைத் தூக்கிப் பொட்டலப் பேப்பர் கட்டின் மேல் வைத்தார். வெள்ளிக்கிழமை வரை பேப்பர் பறக்காமல் பிடித்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். அப்புறம் உலை.

"நான் எங்கே தேஞ்சேன்? என் அடியில ஈய முத்திரை அப்படியே இருக்கே!" என்று தராசிடம் பாய்ந்தாள் நூறு.

தராசு முள்ளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. "சாமான் தட்டுக்கு அடியில மொதலாளி புளி ஒட்டியிருக்கார். எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தா என் பொழப்பு போயிடும். நீ சின்னவ, தாங்கிக்கோ."

சின்னவள்தான் தாங்க வேண்டும். எந்த வீட்டில், எந்தக் கடையில் இந்தச் சட்டம் இல்லை?

நூறு அழுதாள்தான். அழுதுகொண்டே காலடியில் கிடந்த பேப்பரைப் படித்தாள். 'வேலை செய்த இடத்தில் அநியாயம் பட்டு, அதிலிருந்து பாடம் கற்ற இளம் கற்களுக்குப் படிப்பு உதவித்தொகை. தேறியவர், மற்ற கற்களைச் சோதிக்கும் மூலக்கல் ஆகலாம். முத்திரை ஆபீசுக்கு நேரில் வரவும்.'

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க அவளுக்கு என்ன பைத்தியமா? அன்றே உருண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

முத்திரை ஆபீசில் நடுவர் ஒரு பித்தளைத் தராசம்மா. பளபளவென்று தேய்த்து வைத்த உடம்பு. வலது தட்டில் மூலக்கற்கள், இடது தட்டில் வந்தவர்கள் ஏற வேண்டும். நூறுக்கு முன்னால் வெல்ல மண்டியிலிருந்து வந்த அரைக்கிலோ அண்ணன் நின்றிருந்தான்.

"என்னப்பா கத்துக்கிட்டே?"

"பொறுமைம்மா. யார் என்ன சொன்னாலும் தலை குனிஞ்சு வாங்கிக்கணும்."

"நல்ல பதில். ஏறு."

ஏறினான். அவன் தட்டு மேலே போய்விட்டது. "தேஞ்சிருக்கே தம்பி. போயிட்டு வா" என்றாள் தராசம்மா. அவனும் பொறுமையாகவே வாசலுக்குப் போனான். அந்தப் பொறுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வானோ!

"அடுத்து. நீ என்ன கத்துக்கிட்டே? சீக்கிரம் சொல்லு."

"சொல்றதைவிடச் செஞ்சு காட்டறேம்மா. உங்க ரெண்டு தட்டையும் கொஞ்சம் திருப்புங்க."

வரிசையில் இருந்த கற்களெல்லாம் முணுமுணுத்தன. "மளிகைக் கடைக் கழுதைக்குத் திமிரைப் பாரு!"

"என்னையா சோதிக்கறே?" தராசம்மாவின் சங்கிலிகள் நடுங்கின. "நான் யாருன்னு தெரியுமா? இப்பவே உன்னை வெளியே அனுப்பினா எங்கே போவே?"

"உலைக்குத்தாம்மா போவேன். தேயாமலே தேஞ்சவள்னு பேர் வாங்கினவ நான். திருப்பாத தட்டுல இனி ஏற மாட்டேன்."

நூறு நகரவில்லை. வரிசையும் நகரவில்லை. கடைசியில் தராசம்மா வேண்டாவெறுப்பாக இடது தட்டைத் திருப்பினாள். சுத்தம். வலது தட்டைத் திருப்பினாள்.

அதன் அடியில், முத்திரை போடும்போது சொட்டிய அரக்கு, கெட்டியாக ஒரு கட்டி.

யாரும் ஒட்டவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. தராசம்மாவின் பித்தளை முகம் கறுத்தது. அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, "ஏறும்மா" என்றாள் மெல்ல. நூறு ஏறினாள். முள் நட்ட நடுவில் நின்றது.

"உதவித்தொகை உனக்குத்தான். இறங்கி வந்து பேரைச் சொல்லு."

நூறு இறங்கினாள். ஆனால் மேஜைப் பக்கம் போகவில்லை. வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"அரைக்கிலோ அண்ணே, போகாதீங்க! திரும்பி வந்து ஏறுங்க!"