ஒற்றைக்கால் தேசம்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டை, மத்தகன் என்ற யானை ஆண்டு வந்தது. அதற்கு நல்ல மனசு. ஆனால் எதையும் தானாக யோசிக்காது. அறிஞரைக் கேட்டுத்தான் முடிவு செய்யும்.

அந்த அறிஞர், நுண்விழி என்ற தேவாங்கு. மருதமரத்தின் உச்சிக் கிளையை விட்டு அது இறங்கியதே இல்லை. அங்கிருந்தபடியே பக்கத்து நாடுகளைப் பற்றியெல்லாம் சொல்லும்.

அந்தக் கோடையில் காட்டுக் குளம் வற்றிவிட்டது. குன்றுக்கு அப்பால், பூநாரைகளின் ஏரியில் மட்டும் தண்ணீர் ததும்பியது.

"அரசே, என் குட்டிக்கு நாக்கு வறண்டுவிட்டது. பூநாரைகளிடம் போய்த் தண்ணீர் கேட்கலாமே?" என்றது புள்ளி என்ற பெண்மான்.

யானை அண்ணாந்து பார்த்தது. "அறிஞரே, அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?"

தேவாங்கு தொண்டையைச் செருமிக்கொண்டது. "பயங்கரமான நாடு, அரசே! அங்கே எல்லோருக்கும் ஒரே ஒரு கால்தான். நானே பார்த்தேன். அவர்களுடைய அரசன் ஆளுக்கொரு காலை வெட்டிவிட்டான்!"

"ஐயோ பாவம்!" யானையின் கண் கலங்கிவிட்டது.

"கிட்டப் போய்ப் பார்த்தீர்களா?" என்று மான் கேட்டது.

"பார்ப்பதற்குக் கண் போதுமே, கால் எதற்கு?" என்றது தேவாங்கு.

அன்றே உத்தரவு பிறந்தது. கொடுங்கோலனிடம் தண்ணீர் கேட்கக் கூடாது. படையெடுத்துப் போய் அவனை விரட்ட வேண்டும். பூநாரைகளுக்குப் புதுக் கால் கொடுக்க வேண்டும்! மரங்கொத்திகள் ஓயாமல் கொத்தி, நூறு மரக்கால்கள் செய்தன. அதற்குள் ஏழு நாள் ஓடிவிட்டது. மான்குட்டி எழுந்து நிற்கவும் முடியாமல் படுத்துவிட்டது.

எட்டாம் நாள் படை கிளம்பியது. காட்டெருமைகள் முன்னே நடந்தன. மரக்கால்களைச் சுமந்துகொண்டு கரடிகள் பின்னே வந்தன. யானை, குட்டியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது.

ஏரியில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்று, வெயிலில் சுகமாகக் கண்ணயர்ந்திருந்தன. யானை போர்ப் பிளிறலுக்குத் துதிக்கையைத் தூக்கியது. மானுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீருக்குள் பாய்ந்து ஓடியது.

"அக்கா, உன் காலை வெட்டிய அரசன் எங்கே?"

பூநாரை கண் விழித்தது. "எந்தக் காலை?" என்று கேட்டபடி, மடக்கி வைத்திருந்த காலை நீட்டித் தண்ணீருக்குள் ஊன்றியது. "ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்தேன். எங்களுக்கு அரசனே கிடையாதே!"

காட்டெருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மரக்கால்கள் சடசடவென்று கீழே விழுந்தன.

"உங்களைக் காப்பாற்ற வந்தோம்," என்று யானை வெட்கத்தோடு இழுத்தது. "கொஞ்சம் தண்ணீரும் வேண்டும்."

"கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்போமே!" என்ற பூநாரை, யானையைச் சுற்றிச் சுற்றி வந்தது. "நாங்களே உங்களை விருந்துக்கு அழைத்திருப்போம். ஆனால் யானைக்கு முன்னே ஒரு வால், பின்னே ஒரு வால் என்று எங்கள் பண்டிதர் சொல்லிவிட்டார். வருகிறதா போகிறதா என்றே தெரியாத ஆளோடு என்ன உறவு என்று இருந்துவிட்டோம்!"

யானை சிரித்த சிரிப்பில் ஏரியே அலையடித்தது. அந்த முன்வாலாலேயே தண்ணீரை உறிஞ்சி, குட்டியின் வாயில் மெல்ல ஊற்றியது. குட்டி தலையை உதறியது, தள்ளாடி எழுந்தது, பிறகு ஒரே துள்ளல். கரடிகளும் பூநாரைகளும் கைகொட்டிச் சிறகடித்துக் கும்மாளமிட்டன.

காட்டுக்குத் திரும்பியதும் யானை மருதமரத்தடியில் போய் நின்றது.

"அறிஞரே, இறங்கி என் முதுகில் உட்காருங்கள். பூநாரைகள் உங்களோடு பேச ஆசைப்படுகிறார்கள்."

"எதைப் பற்றி, அரசே?"

"அவர்களைப் பற்றித்தான்!"

நீதி: தூரத்தில் இருந்து பார்த்தவர் சொல்லை நம்பி அயலாரை எடைபோடாதே, நேரில் போய், அவர்களையே கேள்.