மூன்றாம் வருடத்து நாற்பது புள்ளி

“இது ஏமாத்து வேலை அக்கா,” என்றார் பொன்னையா. “நான் விட மாட்டேன்.”

பிரகாசி அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அவள் கையில் ஊசி ஏற்றி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

பொன்னையாவுக்கு வயது அறுபத்தொன்று. அக்காவுக்கு முப்பத்தொன்பது. ஆனால் எங்கள் டயாலிசிஸ் வார்டில் வயதை மெஷினில் படுத்த வருடத்தை வைத்துத்தான் எண்ணுவோம். அவருக்கு இரண்டு, அவளுக்குப் பதினொன்று. பதினொன்று என்பது இங்கே வேறு யாரும் எட்டாத வயது. அதனால் அவள் எல்லோருக்கும் அக்கா. எந்த வழக்கானாலும் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

நான் பக்கத்துக் கட்டில். காதைப் பொத்திக்கொள்ள எனக்கும் ஒரு கைதான் மிச்சம். ஆகவே எல்லாம் கேட்டது.

“யாரு ஏமாத்துனா?”

“இசக்கிமுத்து. போன சனிக்கிழமை ஏலத்துல.”

ஏலம் என்றால் எங்கள் கிரிக்கெட் லீக் ஏலம். எட்டுக் கட்டில், எட்டு டீம். நிஜ ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் ஏலம் எடுப்போம். டி.வி.யில் அவர்கள் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் எங்கள் டீமுக்கு வந்து சேரும்.

ஏலம் கேட்க ஒவ்வொரு டீமுக்கும் வருடத்துக்கு நூறு புள்ளி. ஒருவனை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தால், விலையை மூன்று வருடத்துக்கும் பிரித்துப் போடலாம். அவன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வருடா வருடம் புள்ளி கழியும். வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சோலி கிடைக்காது.

ஒரே ஒரு சங்கடம். கட்டில் காலியானால், அந்தக் கட்டிலுக்கு அடுத்து வருகிறவருக்குத்தான் டீம். பழைய ஒப்பந்தமும் அவர் தலையில்தான்.

“அறுபது புள்ளிக்கு ஒரு பௌலரை எடுத்திருக்கான்,” என்றார் பொன்னையா. “இந்த வருசம் பத்து. அடுத்த வருசம் பத்து. மூணாவது வருசம் நாப்பது. பாத்தியளா?”

“பாத்தேன்.”

“மூணாவது வருசம் அவன் இருக்க மாட்டான் அக்கா. வாறவன் தலையில கட்டிட்டுப் போறான்.”

அக்கா கண்ணைத் திறந்தாள்.

“இருக்க மாட்டான்னு யாரு சொன்னா?”

பொன்னையா குரலைத் தணித்தார். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் டெண்டர் பிரிவில் இருந்தவர் அவர். மேஜைக்கு அந்தப் பக்கம் விரிந்து கிடக்கிற ஃபைலைத் தலைகீழாகவே படித்துவிடுவார். வியாழக்கிழமை நர்ஸ் மேஜையில் இசக்கியின் ஃபைல் விரிந்து கிடந்திருக்கிறது.

“எக்கோல இதயத் திறன் இருபத்தஞ்சு சதவீதம். தாங்காது, கிட்னி மாற்று ஆபரேஷன் வேண்டாம்னு பெரிய டாக்டர் எழுதிட்டாரு.”

இசக்கிக்கு இருபத்தேழு வயதுதான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இந்த வார்டில் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

“செல்லையா செத்த கட்டிலுக்கு நான் வந்தேன்,” என்றார் பொன்னையா. “முட்டி ஒடிஞ்சு ஆட்டத்தையே விட்டுட்டுப் போன ஒருத்தனுக்கு, ரெண்டு வருசமா முப்பது முப்பதா நான் கட்டுதேன். ரெண்டு வருசமும் கடைசி இடம். செல்லையா மூஞ்சியக்கூட நான் பாத்தது கிடையாது. இனி ஒருத்தனுக்கு அது வரக் கூடாது.”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார், பழக்கம் விடுமா?

‘விதி ஒன்பது: இதயத் திறன் முப்பத்தைந்து சதவீதத்துக்குக் குறைவாக உள்ள உறுப்பினர், ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்.’

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

“எட்டு பேருக்கும் பொதுவா?”

“பொதுதான். ஆளப் பாத்து விதி போடுத பழக்கம் எனக்குக் கிடையாது.”

“சரி. எல்லார் முன்னாலயும் வாசிக்கதுக்கு முன்ன, இசக்கிகிட்ட போயி நீங்களே சொல்லிட்டு வாங்க.”

“நானா?”

“விதி உங்களுதுதான அண்ணாச்சி?”

எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. இப்படி ஒரு சேதியையா அவனிடம் சொல்லி அனுப்புவது?

இசக்கி அப்போதுதான் எடை பார்த்துவிட்டு வந்து எதிர்க் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொன்னையாவைப் போல அவனுக்கும் இன்னும் ஊசி ஏற்றவில்லை.

“வாங்க அண்ணாச்சி. என்ன, காலையிலேயே கையில காயிதம்?”

“உன் ஒப்பந்தத்தப் பத்தித்தான்லே. மூணாவது வருசம் நாப்பது போட்டிருக்கியே.”

“ஆமா.”

“மூணாவது வருசம்...” என்று தொடங்கினார் பொன்னையா. அதற்கு மேல் வரவில்லை.

இசக்கி சிரித்தான்.

“மூணாவது வருசம் நான் இங்க இருக்க மாட்டேன். அதானே? தெரிஞ்சுதான் போட்டேன்.”

பொன்னையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியுமா?”

“தெரியாமலா? தை முடிஞ்சதும் ஆபரேஷன். அம்மா கிட்னி தாரா. எல்லாம் நல்லாருக்கு, டாக்டர் சரின்னுட்டாருன்னு அம்மாதான் வந்து சொன்னா. மூணாவது வருசம் நான் ஸ்டாண்டுல சவாரி ஏத்திக்கிட்டு நிப்பேன்.”

பொன்னையா காகிதத்தை நாலாக மடித்தார்.

“அந்த பௌலருக்கு இப்ப இருபது வயசு அண்ணாச்சி. மூணாவது வருசம்தான் அவன் ஆட்டமே. நாப்பது கனம்தான், இல்லங்கல. ஆனா இந்தக் கட்டிலுக்கு வாறவனுக்கு, வந்த அன்னைக்கே டி.வி.யப் பாக்கணும்னு தோணும்லா? நான் வந்தப்ப என் டீம்ல ஒருத்தன்கூட உருப்படி கிடையாது. முத மாசம் செவத்தப் பாத்துக்கிட்டே கிடந்தேன்.”

அவன் காகிதத்தைப் பார்த்துக் கையை நீட்டினான்.

“அது என்னது, புது விதியா? குடுங்க, பாப்போம்.”

பொன்னையா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இது வேற,” என்றார். “வீட்டுச் சாமான் லிஸ்ட்டு.”

அவர் திரும்பி வந்தார். அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்காரக் கூடாது என்று நர்ஸ் சொல்கிற இடம் அது. நர்ஸ் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

“சொல்லிட்டியளா?”

“இல்ல,” என்றார் தணிந்த குரலில்.

“ஏன்?”

“அவனுக்குத் தெரியாது அக்கா. அவன் அம்மா அவன்கிட்ட சொல்லல.”

அவர் அழுகிறார் என்று எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

“அப்போ விதி?”

“வேண்டாம்.”

“அடுத்து வாறவன்? அவனும் பாவம்தான?”

நியாயம் பொன்னையாவை விடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“அந்த நாப்பதை என் டீம்ல எழுதிருங்க. மூணாவது வருசம் நான் கட்டிக்கிடுதேன்.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

அக்கா லீக் நோட்டை எடுத்து, ஊசி இல்லாத கையால் புரட்டினாள். பொன்னையாவின் பக்கம் வந்தது. பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை.

“உங்க எக்கோ எத்தனை சதவீதம் அண்ணாச்சி?”

“எனக்கா? நான் பாக்கல. என் ஃபைல் எப்பவும் மவன் கையிலதான்.”

“அவன் என்ன சொன்னான்?”

“எல்லாம் நல்லாருக்குன்னான்.”

அக்கா அவரையே பார்த்தாள்.

“இசக்கி அம்மாவும் அதத்தான சொல்லிருக்கா,” என்றாள்.