இளவரசன் கட்டிய மஞ்சள் நூல்

முன்னொரு காலத்தில், மிருகங்கள் மனிதரோடு பேசச் சலித்துக்கொள்ளாத காலத்தில், ஆழியூர் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு இளவரசன் பெயர் மாறவேள். நல்லவன், வீரன். கை மட்டும் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் பிடிக்க வேண்டும். மாங்குயிலைக் கண்டால் கூண்டில் அடைப்பான். பூவைக் கண்டால் பறிப்பான். வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் பெட்டிக்குள் போடுவான். பாவம், அடைபட்டவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. அவனோ அடுத்ததைப் பிடிக்கக் கிளம்பியிருப்பான்.

அவன் தங்கை தும்பை அதற்கு நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தேன்சிட்டு கூடு கட்டி முடிக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணனுக்குத் தங்கை என்றால் உயிர், தங்கைக்கு அண்ணன் என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு அவனைத் திட்டத் தோன்றும். நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

ஆழியூருக்குத் தெற்கே, ஆளில்லாத கிளுவைத் தீவு. ஒருநாள் காலையில் அண்ணனும் தங்கையும் படகேறி அங்கே போனார்கள். இறங்கியதும் தும்பை மணலிலேயே உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள். பாறை மேல் கொண்டலாத்திப் பறவைகள் கொண்டையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தன. தாழம்புதருக்குள் மரகதப்புறா நடந்துபோனது. மணலெல்லாம் அடும்பங்கொடியின் ஊதாப் பூக்கள். அவற்றின் மேல் கறுப்புச் சிறகும் சிவப்பு உடலுமாய் வண்ணத்துப்பூச்சிகள், கூட்டம் கூட்டமாக.

மாறவேள் வலையைத் தூக்கினான்.

"வலையைக் கீழே போடு!" என்றது ஒரு குரல்.

பாறை மேல் ஓர் உடும்பு படுத்திருந்தது. பனைமரத் துண்டு அளவு பருமன், தங்க நிறக் கண்கள். "இந்தத் தீவுக்கு நான்தான் காவல். இங்கே வந்தால் கண்ணுக்கு வேலை கொடு, கைக்கு ஓய்வு கொடு."

தும்பை கைகூப்பினாள். "உடும்பாரே, எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்தப் பூச்சியோட கண்ணால இந்தத் தீவைப் பார்த்தா எப்படி இருக்கும்?"

உடும்பு வியந்துபோனது. "வந்தவர்கள் எல்லாம் புதையல் கேட்டார்கள். நீ பார்வை கேட்கிறாய். சரி, இன்றைய பகல் முழுக்க வண்ணத்துப்பூச்சியாக இரு. ஆனால் சூரியன் கடலில் மூழ்குவதற்குள், அந்தப் பூச்சிகள் பிறக்கும் செடியில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மறுபடி பெண். உட்காராவிட்டால் பூச்சிதான்."

வாலால் கடற்கரை ஓரத்தைக் காட்டியது. தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தன சில செடிகள். தீவிலேயே அந்தச் செடி அந்த ஓரிடத்தில்தான் இருந்தது.

"அண்ணா, இது ஆடுதீண்டாப்பாளை" என்றாள் தும்பை. "இந்தப் பூச்சியோட புழு இதைத் தவிர வேற எதையும் தின்னாது."

"சரி சரி" என்றான் அண்ணன். அவன் கண் மரகதப்புறாவின் பின்னால் போய்விட்டது. பெயர் காதில் விழுந்ததே தவிர மனதில் பதியவில்லை.

தும்பை தன் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்து, தன் வழக்கப்படி மூன்று முடிச்சுப் போட்டு அவனிடம் கொடுத்தாள். அந்நாட்டு வைத்தியர்கள் மூலிகையைச் சட்டென்று பறிக்கமாட்டார்கள். முதல்நாள் செடிக்குக் காப்புக் கட்டி, அனுமதி கேட்டு, மறுநாள் வந்துதான் பறிப்பார்கள். கேட்காமல் பறித்தால் செடியின் உயிர் போய்விடும் என்பார்கள்.

"உனக்குக் கை அரிச்சா முதல்ல இதைக் கட்டு. மத்தபடி உனக்கு ஒரே வேலைதான். இங்க உக்காந்து இந்தச் செடியைப் பார்த்துக்கிட்டிரு."

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தான் மாறவேள்.

உடும்பு நாக்கை நீட்டி மடக்கியது. தும்பை நின்ற இடத்திலிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி எழும்பிப் பறந்தது.

மாறவேள் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பிற்பகலில் காட்டாடுகள் ஒரு கூட்டமாக இறங்கி வந்தன. அவன் பதறிப்போனான். 'ஐயோ, மேய்ந்துவிடுமே! தங்கை எங்கே வந்து இறங்குவாள்?' இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் வந்தன. கடைசியில் அவனுக்குத் தெரிந்ததைத்தான் செய்தான். எல்லாவற்றையும் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி வட்டமிட்டுக் கத்தியது. இடுப்பில் மஞ்சள் நூல் தொங்கியது. இரண்டையும் அவன் கவனிக்கவில்லை.

ஆடுகள் அருகில் வந்தன. அவன் கையிலிருந்த தழையை முகர்ந்தன. மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டன.

அப்போதுதான் தங்கை சொன்ன பெயர் அவனுக்கு நினைவு வந்தது: ஆடு தீண்டாப் பாளை. ஓடி ஓடி நட்டான். தண்ணீர் ஊற்றினான். ஒன்றும் நிற்கவில்லை. மாலைக்குள் எல்லாம் வாடிச் சருகாகிவிட்டன.

தும்பை வந்தாள். சுற்றினாள், தாழ்ந்தாள், மறுபடி சுற்றினாள். உயிருள்ள இலை ஒன்றுகூட இல்லை.

"உக்காரும்மா! என் கையில உக்காரு!" என்று அவன் சருகை ஏந்திக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். சூரியன் கடலைத் தொட்டது.

உடும்பு அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சருகில் வெடித்திருந்த ஒரு காயைக் காட்டியது. உள்ளே மூன்று விதைகள்.

"அவளை இந்த அந்தியிலேயே நிறுத்தி வைக்கிறேன். அவளுக்கு இது ஒரே மாலை. இந்த விதையில் செடி வளர்ந்து, அதில் ஒரு பூச்சி பிறந்து பறக்கும்போது அவள் வந்து இறங்குவாள். அது எப்போது என்பது உன் கையில் இருக்கிறது. கண்ணுக்கு வேலை கொடு, கைக்கு ஓய்வு கொடு."

முதல் விதையை ஊன்றினான். முளைத்ததா இல்லையா என்று பொறுக்க முடியாமல் மண்ணைக் கிளறிப் பார்த்தான். வெள்ளை முளை ஒடிந்து கையோடு வந்தது.

இரண்டாம் விதை செடியானது. அதில் கறுப்புப் புழுக்கள் ஏறி இலையைத் தின்றன. 'என் தங்கையின் செடியையா தின்கிறீர்கள்!' என்று புழுக்களைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். மறுநாள், அவன் கேட்காமல் கைவைத்த செடி கருகிக் கிடந்தது.

"யாருடைய குழந்தைகளை எறிந்தாய் தெரியுமா?" என்றது உடும்பு. பிறக்க இடமில்லாமல் வண்ணத்துப்பூச்சிகள் தீவை விட்டே போய்விட்டன.

மூன்றாம் விதையை ஊன்றியதும் மாறவேள் மஞ்சள் நூலை எடுத்தான். அதைச் செடிக்குக் கட்டவில்லை. தன் இரு மணிக்கட்டுகளையும் சேர்த்து, பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டான். "நான் தொடமாட்டேன். நீ விரும்பும்போது வா" என்று மண்ணிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மழை பொய்த்தது. ஆண்டுகள் போயின. உடும்பு உருட்டிவிட்ட பழங்களைத் தின்றபடி அவன் உட்கார்ந்தே இருந்தான். தலை நரைத்தது. அசையாமல் இருப்பவனிடம் பறவைகளுக்கு என்ன பயம்? ஆள்காட்டி அவன் காலடியில் முட்டையிட்டது. பொரிந்த குஞ்சுகள் கூழாங்கல் போலப் பதுங்கின. அடும்பம்பூ காலையில் விரிந்து மாலையில் சுருண்டது. பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. 'இதையெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே! வா அண்ணா, வா அண்ணா என்று எத்தனை முறை கூப்பிட்டாள்!'

ஒரு வழியாக மழை பெய்தது. முளை வந்தது, கொடி படர்ந்தது. ஆடுகள் வந்து முகர்ந்து, மூக்கைச் சுளித்துப் போயின. கடல் கடந்து ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிட்டது. புழுக்கள் இலை இலையாகத் தின்றன. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கை அசையவில்லை. தின்ற இடத்தில் புது இலை துளிர்த்தது. இலைக்கடியில் ஒரு கூடு தொங்கியது. ஒரு மாலை அது வெடித்தது. ஈரச் சிறகோடு பூச்சி ஒன்று வெளியே வந்து, காய்ந்து, பறந்தது.

அந்தியிலிருந்து இன்னொரு பூச்சி இறங்கி வந்து செடியில் உட்கார்ந்தது. மறுகணம் தும்பை நின்றாள், அதே பாவாடை, அதே வயது.

எதிரே கிழவன் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஐயா, எங்க அண்ணனைப் பார்த்தீங்களா? இங்கதான் உக்கார வச்சுட்டுப் போனேன். அவனுக்கு ஒரு இடத்துல உக்காரவே வராது. எதையாவது பிடிக்கப் போயிருப்பான்."

கிழவன் கட்டிய கைகளை நீட்டினான். வெளுத்துப்போன நூலில் தான் போட்ட மூன்று முடிச்சை அவள் கண்டுகொண்டாள்.

"அண்ணா! எவ்வளவு நேரமா இப்படி உக்காந்திருக்கே?"

"நீ போனதுலேருந்தும்மா."

அவள் அவன் மடியில் விழுந்து அழுதாள். அழுதபடியே நூலை அவிழ்த்தாள்.

இருவரும் ஊர் திரும்பினார்கள். தும்பை அரசியானாள், நாடு செழித்தது. மாறவேள் கூண்டுகளை எல்லாம் திறந்துவிட்டான் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். திறந்தான். உள்ளே உதிர்ந்த இறகுகளைத் தவிர எதுவும் இல்லை. அவற்றை அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தான். அன்று தங்கையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு தேன்சிட்டு வந்தது.

கேட்டவர்கள் கண் குளிரட்டும். கதை சொன்ன வாய் இனி ஓய்வெடுக்கட்டும்.