தங்கக் குப்பி போட்ட கோல்

வெள்ளூற்று ஜமீன்தார் பில்லியர்ட்ஸில் தோற்றால் வேறொருவன் உடம்பில் ஏதாவது குறையும். போன தடவை காவல்காரனுக்குக் காது போயிற்று. இந்தத் தடவை, கோல் செய்த தச்சன் மாசானம் மாட்டிக்கொண்டான்.

"அடித்தால் பந்தில் வழுக்குதடா உன் கோல். நாளைக்குப் பக்கத்து ஜமீன் மைனரை நான் ஜெயிக்கணும். இல்லாவிட்டால் உன் கட்டைவிரல் உனக்கில்லை."

மாசானத்துக்குக் காரணம் தெரியும். கோல் முனையில் தோல் ஒட்டினால்தான் பந்தைப் பிடித்துத் தள்ளும். மாட்டுத்தோல் தீட்டு என்று, மாட்டுக் கொம்புக்குப் போடுவதுபோல் தங்கக் குப்பி போடச் சொன்னதே ஜமீன்தார்தான். அதைச் சொன்னால் விரலோடு தலையும் போகும்.

மறுநாள் இரண்டு கோல்களை நீட்டினான்.

"எஜமான், விருந்தாளிக்குத் தங்கக் கோலைக் கொடுத்தால்தான் ஜமீனுக்குப் பெருமை. எஜமானுக்கு இந்த வெறுங்கோல் போதும்."

மைனர் பல்லெல்லாம் தெரியத் தங்கக் கோலை வாங்கினார். அவர் அடித்த பந்தெல்லாம் கோணிக்கொண்டு ஓடியது. ஜமீன்தாரின் பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. மைனர் தோற்றார்.

சிரித்தபடி கோல் முனையைத் தடவிய ஜமீன்தாருக்குச் சட்டென்று கண் சிவந்தது.

"முனையிலே என்னடா ஒட்டியிருக்கிறே?"

மாசானம் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லிவிடுகிறேன், எஜமான். ஆனால் சொன்னபிறகு எஜமான் தலைமுழுகணும். தீட்டான கோலால் ஜெயித்தது செல்லாது என்று மைனரும் கிளம்புவார். சொல்லட்டுமா?"

மைனர் மேசைக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஜமீன்தார் அந்த முனையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"நல்ல மரமடா," என்றார்.