கெட்டியாகக் கலந்த ஜெல்

ரெஜினாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நுண்ணோக்கியில் தெரிந்தவை அவளுடைய சொந்த மார்பின் செல்கள். ஆபத்தில்லாத ஒரு கட்டியை அகற்றியபோது, சுற்றியிருந்த நல்ல சதையில் கொஞ்சத்தை அவளே ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்திருந்தாள். ஊரார் செல்களை வளர்க்கிறோம், நம்முடையதையும் வளர்ப்போமே என்கிற குசும்புதான்.

வளர்வதற்காகப் படுக்கை போலப் போட்டுவைத்த ஜெல்லுக்குள் அடக்கமாக இருக்க வேண்டிய அந்தச் செல்கள் நாலா பக்கமும் கால் நீட்டிப் பரவிக் கிடந்தன. புற்றுச் செல்கள்தான் அப்படிப் பரவும். அம்மாவை மார்புப் புற்றுக்குப் பறிகொடுத்தவள் அவள்.

பேராசிரியை நப்பின்னை அவளைவிட இளையவள். நடுவயதில் ஆராய்ச்சி மாணவியாக வந்த ரெஜினாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வேலை வாங்குவதில் மட்டும் அக்கா தங்கை பார்க்கமாட்டாள்.

“மேடம், எனக்கும் வந்துடுச்சு.”

நப்பின்னை நுண்ணோக்கியில் குனியவே இல்லை. செல் போடாமல் மிச்சமிருந்த ஜெல் தட்டை எடுத்து விரலால் அமுக்கினாள். விரல் இறங்கவில்லை.

“இதை யாரு கலந்தது?”

“நான்தான். போன தடவை தளதளன்னு இருந்துச்சு, தூக்கினாலே பிஞ்சு போச்சு. அதான் கொஞ்சம் கெட்டியா கலந்தேன்.”

“மார்பு இவ்வளவு கெட்டியாவா இருக்கும்?”

ரெஜினாவும் அந்த ஜெல்லை அமுக்கிப் பார்த்தாள்.

“கெட்டியான இடத்துல போட்டா நல்ல செல்லும் இப்படிப் பரவும். மிச்ச செல் இருக்குல்ல? தளதளன்னே கலந்து, அதுல போடுங்க. டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிட்டு வாங்க. உங்க உடம்புக்கு இந்தத் தட்டு சாட்சி இல்ல.”

டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அப்போதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதுத் தட்டைப் பார்க்கும் நாள் வந்தது. அவளுடைய செல்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ரெஜினா அழுதேவிட்டாள்.

“அதே செல்லுதானா மேடம்?”

“நீங்கதானே போட்டீங்க?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய தட்டைத் தேடி எடுத்தாள். அதில் செல்கள் இன்னும் பரவிக்கொண்டிருந்தன. பார்க்கவே பிடிக்கவில்லை அவளுக்கு.

“இதுங்க கெட்டுப் போனது கெட்டுப் போனதுதான். குப்பையில போட்டுடறேன்.”

நப்பின்னை அந்தத் தட்டை வாங்கி, புதுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

“அதுக்குள்ள கைகழுவிடாதீங்க அக்கா. இதுங்களையும் எடுத்து தளதள ஜெல்லுல மெத்துன்னு படுக்க வையுங்க. திரும்பி வருதான்னு பார்ப்போம்.”