குறையே கேட்காத வைத்தியர்

மருதவாய் நாட்டில் அரசரும் இருந்தார், செல்போனும் இருந்தது. அது எப்படி என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

அரசர் சித்திரமாறருக்குச் சர்க்கரை வியாதி. அதிரசம் என்றாலோ உயிர். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் அரண்மனை வைத்தியர் மாசிலாமணி. காலையில் ஒரு டம்ளர் கஷாயத்தை நீட்டுவார், அதிரசத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பதினெட்டு வருஷமாக அரசர் நடமாடுவதற்கு அதுதான் காரணம். வைத்தியரை அரசருக்குப் பிடிக்காமல் போனதற்கும் அதுதான் காரணம்.

அரசருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. செருப்பு வாங்கினாலும் சரி, சேனாதிபதியை நியமித்தாலும் சரி, செல்போனில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்த பிறகுதான் செய்வார்.

இது தெரிந்துதான் மந்திரி நாகலிங்கம் ஒருநாள் சபையில் செல்போனை நீட்டினார்.

"சர்வரோக சஞ்சீவி லேகியம், மகாராஜா. ஆன்லைனில் சக்கைப்போடு போடுகிறது. பத்தியமே கிடையாது. அதிரசத்தின்மேல் தடவியே சாப்பிடலாம்."

லேகியம் கிண்டுவது தன் மைத்துனர் என்பதை மட்டும் மந்திரி சொல்லவில்லை. மறந்திருப்பார், பாவம்.

அரசர் பார்த்தார். நாலாயிரம் பேர் எழுதியிருந்தார்கள். ஐந்துக்கு நாலே முக்கால். அடுத்து மாசிலாமணியின் பெயரைத் தட்டினார். ஒன்றரை.

"கேளுங்கள் வைத்தியரே, ஜனங்கள் சொல்வதை. 'கஷாயம் கசக்கிறது. ஒரு நட்சத்திரம்.' அடுத்தவர், 'பிழைத்துவிட்டேன். ஆனால் ஒரு மண்டலம் புளி சேர்க்கக் கூடாதாம். இரண்டு நட்சத்திரம்.' இன்னொருவர், 'கைராசிக்காரர். வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. ஒரு நட்சத்திரம்.'"

"அந்த ரெண்டாவது ஆளு பிழைச்சதே பெரிய விஷயம், மகாராஜா" என்றார் மாசிலாமணி. இந்த வயதில் வேலை போனால் எங்கே போவார்?

சபையில் பிச்சாண்டியும் இருந்தான். அரசரைச் சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்குபவன். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"மகாராஜா, கண்ட லேகியத்தையும் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"நாலாயிரம் பேர் பொய் சொல்வார்களா? நீ ஒருத்தன்தான் அறிவாளியா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் கிடையாது. கேட்பவர் அரசர் என்றால் வாயைத் திறக்கவே முடியாது.

"சரி, உனக்கும் ஒரு வாய்ப்பு" என்றார் அரசர். "நாளைச் சபைக்கு ஒருவரைக் கூட்டிவா. அவரிடம் போனவர்களில் ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டிவந்தால் லேகியத்தைத் தொடமாட்டேன். முடியாவிட்டால் மாசிலாமணி ஊரைவிட்டுக் கிளம்பட்டும்."

மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மருதவாயில் சூரியனுக்கே இரண்டு நட்சத்திரம்தான் போட்டிருந்தார்கள். வெயில் அதிகமாம்.

மறுநாள் பிச்சாண்டி ஓர் ஆளோடு வந்தான். அகன்ற தோள், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"இவர் பெயர் சங்கிலிமுத்து, மகாராஜா. இதுவரை முப்பத்தேழு பேரைக் கவனித்திருக்கிறார். ஒருவரும் ஒரு குறை எழுதவில்லை."

"முப்பத்தேழு பேருமா?"

"முப்பத்தேழு பேருமே. தலைவலி, மூட்டுவலி, சர்க்கரை என்று எதற்காகவும் அவர்கள் மறுபடி ஒரு வைத்தியரைத் தேடிப் போனதில்லை."

"பத்தியம்?"

"நேர்மாறு. கடைசியாக என்ன ஆசைப்படுகிறாய் என்று கேட்டு, அதையே சமைத்துப் போடுவார்கள்."

அரசருக்கு நாக்கில் நீர் ஊறியது. "அதிரசம் கேட்டால்?"

"தட்டோடு வரும்."

"எவ்வளவு நேரம் ஆகும், வைத்தியரே?"

"கண்ணை மூடித் திறக்கிற நேரந்தான் மகாராசா" என்றான் சங்கிலிமுத்து. "மூடுறது மட்டுந்தான் நடக்கும்." பிறகு அரசரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கழுத்தை உற்றுப் பார்த்தான். "எடை எம்புட்டு இருப்பீங்க? கயிறு அதுக்குத் தக்க எடுக்கணும்."

அரசர் சிம்மாசனத்தில் பின்னுக்கு நகர்ந்தார். "யாரடா இவன்?"

"நம் சிறைச்சாலைத் தூக்குமேடைக்காரர்தான். வேலை நேரத்தில் முகத்தை மூடியிருப்பார், அதனால் அடையாளம் தெரியவில்லை."

"என்ன துணிச்சல் உனக்கு!"

"தாங்கள் குறை இல்லாத ஆளைக் கேட்டீர்கள், மகாராஜா. குறை சொல்ல ஆள் மிஞ்சினால்தானே குறை வரும்? மாசிலாமணியிடம் போனவர்கள் வண்டி நிறுத்த இடமில்லை என்று திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார்கள். லேகியத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்கள்? கொஞ்சம் படியுங்கள்."

அரசர் படித்தார். "'பார்சல் சீக்கிரம் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.' 'டப்பா அழகாக இருக்கிறது.' 'மாமாவுக்கு வாங்கினேன், நாளை கொடுப்பேன்.'" விரல் தள்ளிக்கொண்டே போனது. தின்று பார்த்தேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

"மந்திரியாரே" என்றார் அரசர். "நீங்கள் ஒரு கரண்டி சாப்பிடுங்கள்."

"இன்று எனக்கு விரதம், மகாராஜா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் விரதந்தான்."

சபையே சிரித்தது. அரசர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டார். மைத்துனர் குட்டும் வெளிப்பட்டு, லேகியக் கடை மூடப்பட்டது. மந்திரி வீட்டில் இருந்த டப்பாக்களை மந்திரியே தின்று தீர்க்க வேண்டும் என்று உத்தரவானது. அவருடைய விரதம் இன்னும் முடியவில்லை என்று கேள்வி. பிச்சாண்டிக்கு அன்றைய அதிரசத் தட்டு முழுசாகப் பரிசாகக் கிடைத்தது.

அரசர் கண்ணை இறுக்கிக்கொண்டு கஷாயத்தைக் குடித்தார். பிறகு செல்போனை எடுத்து, மாசிலாமணியின் பெயருக்குக் கீழே தானே எழுதினார்.

"கஷாயம் சகிக்கவில்லை. அதைச் சொல்ல நான் இருக்கிறேன். நாலு நட்சத்திரம்."

"நாலுதானா, மகாராஜா?" என்றான் பிச்சாண்டி, வாய் நிறைய அதிரசத்தோடு.

"வண்டி நிறுத்த இடமில்லையே" என்றார் அரசர்.